பேர் போட்டுப் பேசுகிற இடம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவருக்கு மனித முகங்கள் அத்துப்படியாக இருக்கும் என்று நினைப்போம். எங்கள் தெருக் கண்ணாடிக் கடை அக்காவுக்கும் ஒருவகையில் அத்துப்படிதான். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், எந்தக் காது சற்று உயரம், மூக்குத் தண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பத்தொன்பது வருடமாக அதே கடை, அதே மர முக்காலி, கையில் அதே சின்னத் திருப்புளி. ஃபிரேமின் கம்பியைச் சூடு காட்டி வளைத்து ஒருவர் காதுக்குப் பின்னால் பொருத்தினால், அது அங்கேயே முளைத்த மாதிரி உட்காரும்.

ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் வாசலைத் தாண்டிப் போய், மறந்து வைத்த குடையை எடுக்க ஐந்தாவது நிமிடம் திரும்பி வந்தால், "வாங்க, புதுசா பாக்கணுமா, பழசை ரிப்பேர் பண்ணணுமா?" என்று கேட்பார்.

என்னிடமும் அப்படிக் கேட்டிருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை புதுக் கண்ணாடி வாங்கிப் போனேன். மூக்கில் அழுத்துகிறது என்று மாலையே திரும்பப் போய் நின்றேன். "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. காலையில் அரைமணி நேரம் என் முகத்துக்கு அரையடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். அன்று நான் நினைத்ததைத்தான் அந்தத் தெருவே அவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது. தலைக்கனம். முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர் மகாராணி. எதிரே வந்தால் கண்டுகொள்ள மாட்டார், கூப்பிட்டால்தான் திரும்புவார், திரும்பினாலும் யாரோ எவரோ என்பது போல ஒரு விநாடி பார்த்துவிட்டு அப்புறம்தான் சிரிப்பார்.

அந்த ஒரு விநாடியில் அவர் என்ன பாடுபட்டார் என்பது பல வருடம் கழித்து அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு முகங்கள் நிற்பதில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் அம்மாக்களில் தன் அம்மாவைச் சிவப்புப் பையை வைத்துத்தான் கண்டுபிடிப்பாராம். ஒருநாள் அந்தப் பையின் வார் அறுந்துபோய் அம்மா பச்சைப் பையோடு வந்துவிட்டார். கூட்டமெல்லாம் கலையும்வரை இவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கண்ணு முன்னாடிதானே நிக்கிறேன், எங்க பராக்குப் பாக்கிற?" என்று அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தார். அன்றைக்கு அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். எல்லோருக்கும் முகங்கள் இப்படித்தான் நழுவிப் போகின்றன, மற்றவர்கள் கஷ்டப்பட்டு ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், தனக்குத்தான் அக்கறை போதவில்லை. நாற்பத்தாறு வயதுவரை அவர் அதையே நம்பிக்கொண்டிருந்தார்.

நம்பிக்கொண்டே பிழைக்கவும் கற்றுக்கொண்டார். நடை, குரல், முடி, செருப்புச் சத்தம். கணவர் தரைக்கு ஓடு பதிக்கிறவர். வருடக்கணக்காகக் குந்தி உட்கார்ந்ததில் இடது முழங்கால் சரியாக மடங்காது. அந்த விந்தல் நடையை எவ்வளவு கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவார். மகள் நடக்கும்போது நாலு அடிக்கு ஒருதரம் பையைத் தோளில் தூக்கிவிட்டுக்கொள்வாள். அது போதும். ஒருகாலத்தில், வம்பே வேண்டாம் என்று எதிரில் வருகிற எல்லோரையும் பார்த்துச் சிரித்துப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் நாலு தெரு பின்தொடர்ந்து வந்துவிட்டார். அதோடு அந்த யோசனையைக் கைவிட்டு, யாரையும் பார்க்காமல் தலையைக் குனிந்து நடக்க ஆரம்பித்தார். மகாராணிப் பட்டம் அப்போது வந்ததுதான்.

பட்டத்தைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று.

கணவரின் தங்கை ஒரு சலவைக் கடையில் துணி வாங்கிவைக்கும் வேலையில் இருந்தார். நாத்தனார் என்றுதான் உறவு, பழகியது கூடப்பிறந்தவர்கள் மாதிரி. சனிக்கிழமை தோறும் இரண்டு பேரும் சேர்ந்து காய்கறி வாங்கப் போவார்கள். நாத்தனாருக்கு இடுப்புவரை தொங்கும் ஒற்றைப் பின்னல். ஆறு வருடத்துக்கு முன் அவர் நோயில் விழுந்தார். சிகிச்சை கடுமையானது. அக்கா கடையிலிருந்து நாலு நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு, பழமும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வார்டில் எட்டுக் கட்டில்கள். ஏழாம் எண் காலியாக இருந்தது. ஜன்னலோரம் தலையில் துணி கட்டிய, மெலிந்த ஒரு பெண் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாம் நம்பர் பேஷன்ட் எங்கம்மா போயிருக்காங்க? என் நாத்தனார் அவங்க" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார் அக்கா.

அந்தப் பெண் மெல்ல நடந்து வந்து ஏழாம் எண் கட்டிலில் ஏறிப் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே போனார். "வெளிச்சம் கண்ணுல அடிச்சுது, சரியாத் தெரியலை" என்றார். ஜன்னல் அப்போது மூடியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரி கண் தெரியவில்லை என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள். நாலு நாளும் அவர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். நாத்தனார் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகு அண்ணனோடு போனில் பேசுவார்; அண்ணன் வீட்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. சனிக்கிழமைகளில் அக்கா தனியாகப் போய்க் காய்கறி வாங்கினார்.

போன வருடத் தொடக்கத்தில் ஒரு காலை, கடை முதலாளி கையில் போனோடு வந்து முக்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"எதிர்க் கடைக்காரன் சோஷியல் மீடியாவுல பக்கம் ஆரம்பிச்சுட்டான். நமக்கும் ஒண்ணு வேணும். நீதான் பாத்துக்கணும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார்."

"எனக்கு மட்டும் தெரியுமா? தெரியாத நம்ம ரெண்டு பேர்ல நீதான் எழுத்துப்பிழை இல்லாம எழுதறவ."

அதற்குமேல் அவரிடம் வாதாட முடியாது. வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்துவிட்டார். "மூஞ்சியே ஞாபகம் வச்சுக்காதவளுக்கு முகநூலா?" அவருக்குத் தெரிந்ததெல்லாம் மனைவிக்கு மறதி அதிகம் என்பதுதான்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள்தான் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கணக்குத் திறந்து கொடுத்தாள். கொடுக்கும்போதே கறாராகச் சில விஷயம் சொன்னாள். "பாஸ்வேர்டை யார் கேட்டாலும் சொல்லாதம்மா, நான் கேட்டாக்கூட. வீட்டு அட்ரஸை எழுதாத. தெரியாதவங்க நட்பு கேட்டா உடனே சரின்னு தட்டிடாத."

"தெரியாதவங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மகள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டாள்.

கணக்கைத் திறந்ததும் திரையில் வரிசையாகச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். 'இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று மேலே எழுதியிருந்தது. அக்கா போனைக் கவிழ்த்து வைக்கப் போனார். அப்புறம்தான் கவனித்தார், ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழும் பெயர் இருந்தது. பள்ளித் தோழி, கடைக்கு லென்ஸ் கொண்டுவருகிறவர், மாடி வீட்டம்மா. முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. படித்தால் போதும்.

கடைப் பக்கத்துக்கு வாரம் இரண்டு படம் போட்டார். பெரிதாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வழியாகப் போனதில் அவருக்கு ஒரு குழு கண்ணில் பட்டது. கண்ணாடிக் கடைகளிலும் லென்ஸ் தேய்க்கும் பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்கள் நாலாயிரம் பேர் சேர்ந்து பேசுகிற இடம். எங்கெங்கோ இருப்பவர்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஒரே தலைவலிகள். திருகாணி உதிர்ந்துபோவது, பவர் மாறிவிட்டது என்று சண்டைக்கு வருபவர், கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்து நெளித்துக் கொண்டுவருபவர்.

மூன்று வாரம் அவர் வாயே திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறையில் உட்கார்ந்து படிப்பார், அவ்வளவுதான். வாய் திறக்காமல் இருப்பது மரியாதைக் குறைவோ என்று மகளிடம் கேட்டார். "எல்லாக் குழுவுலயும் முக்கால்வாசிப் பேர் சும்மா படிக்கத்தான் வருவாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றாள். படிக்கப் படிக்க அந்த இடத்தின் நெளிவுசுளிவு பிடிபட்டது. யார் உதவுகிறவர், யார் வம்புக்கு அலைகிறவர், யார் மூன்று வரி சொல்ல முப்பது வரி எழுதுகிறவர். நடத்துகிறவர்கள் இரண்டு பேர். எல்லை மீறிப் பேசினால் ஒருதரம் எச்சரிப்பார்கள், மறுதரம் ஆளைக் காணாது.

ஒருநாள் யாரோ, தலை தேய்ந்த திருகாணியை எப்படிக் கழற்றுவது என்று கேட்டிருந்தார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், எதுவும் சரியில்லை. அக்காவால் பொறுக்க முடியவில்லை. சின்ன ரப்பர்த் துண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பச் சொல்லி நாலு வரி எழுதினார். மறுநாள் பார்த்தால் முப்பது பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். குழுவில் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'திருப்புளி'. அதற்குப் பிறகு திருகாணி என்று யார் கேட்டாலும், "திருப்புளி அக்கா வரட்டும்" என்று எழுத ஆரம்பித்தார்கள்.

"அங்க நான் ஒருத்தரைக்கூட மாத்திப் பேசினதில்லைங்க" என்று என்னிடம் சொன்னார். "யாரு பேசினாலும் முதல்ல பேரு வந்துடுது, அப்புறம்தான் பேச்சு. போன மாசம் ஒருத்தர் பையனுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னா, இந்த மாசம் நானே கேப்பேன், பையன் எப்படி இருக்கான்னு. என் வாழ்க்கையில நான் யாரையும் அப்படிக் கேட்டதே இல்லை. கேக்க ஆசைதான். யாருகிட்ட கேக்கறதுன்னுதான் தெரியாது."

அந்தத் தைரியத்தில்தான் ஒரு வியாழக்கிழமை மதியம் அவர் அதைக் கேட்டார். 'பழைய கண்ணாடியோடு உள்ளே வருகிறவர் புதுக் கண்ணாடி போட்டதும் வேறு ஆளாகிவிடுகிறார். மறுபடி வந்தால், பேசும்வரை யாரென்று தெரிவதில்லை. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' தொழில் ரகசியம் ஏதாவது கிடைக்கும் என்று உண்மையாகவே நினைத்தார்.

பதில்கள் வந்தன. ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். இன்னொருவர், கண்ணாடி மாறினால் முகமா மாறும் என்றார். அப்படியெல்லாம் நடப்பதில்லையே என்று மற்றவர்கள் எழுத எழுத, நாலாயிரம் பேரில் தான் ஒருத்திதான் இப்படி என்பது அக்காவுக்கு உறைத்தது. பதிவை நீக்கிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது இன்னொரு பதில் வந்தது. 'மூணாம் மாடி' என்ற பெயரில் எழுதும் லென்ஸ் பட்டறை ஆள். எப்போதும் இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதாதவர்.

'சொந்தக்காரங்க முகமும் இப்படித்தானா அக்கா?'

அக்கா போனை அணைத்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். மறுநாள் மதியம் திறந்தார். ஒரே ஒரு வார்த்தை எழுதினார். 'ஆமா.'

'எனக்கும். இதுக்குப் பேரு இருக்கு. எங்களுக்குன்னு ஒரு குழு இருக்கு. வாங்க.'

அது மூடிய குழு. கேட்ட உடனே உள்ளே விடமாட்டார்கள். வாசலில் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். மனிதர்களை நீங்கள் எதை வைத்து அடையாளம் காண்கிறீர்கள்? பதில் பெட்டிக்குள் அக்கா எழுத ஆரம்பித்தார். விந்தல் நடை, தோள்பை, செருப்புச் சத்தம், பின்னல். பெட்டி நிறைந்து, இதற்குமேல் எழுத இடமில்லை என்று போன் சொல்லும்வரை எழுதினார். அந்தப் பட்டியலை அவர் அதுவரை ஒரு மனிதரிடமும் சொன்னதில்லை.

உள்ளே அறுநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கண் பார்வை நன்றாக இருந்தும் முகம் மட்டும் மூளையில் பதியாதவர்கள். பிறவியிலேயே சிலருக்கு இப்படி, அடிபட்டுச் சிலருக்கு. டாக்டர்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குழுவில் அதை யாரும் சொல்வதில்லை, 'நம்ம சமாச்சாரம்' என்பார்கள். ஒரு லாரி ஓட்டுநர், தான் ஏற்றிய சரக்கை இறக்க வேண்டிய ஆளிடமே அந்த ஆள் எங்கே என்று விசாரித்த கதையை எழுதியிருந்தார். ஒரு டீச்சர், பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்தால் அன்றைய பாடமே போச்சு என்றிருந்தார். ஓட்டல் கண்ணாடிச் சுவரில் தெரிந்த தன் உருவத்துக்கே 'நீங்க முதல்ல போங்க' என்று வழிவிட்டு நின்றதாக ஒரு பெண் எழுதியதற்குக் கீழே, 'நானும்', 'நானும்', 'ரெண்டு தடவை' என்று வரிசையாக நின்றார்கள்.

இதை அக்கா வார விடுமுறை நாளில், காலை பத்து மணிக்கு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிப்போனது தெரியவில்லை. புகை வந்து கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தபோது, மனைவி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"என்னாச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லைங்க. நான் அக்கறை கெட்டவ இல்லையாம்."

கணவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மடங்காத காலை நீட்டிக்கொண்டு, போனை வாங்கி அரைமணி நேரம் படித்தார். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப என்னை?"

"உங்க நடை. இருமல். அப்புறம் அந்த நீலச் சட்டை."

"ஒருநாள் மார்க்கெட்ல தொப்பி போட்டுட்டு நின்னேன். என்னைத் தாண்டிப் போயிட்ட. காலைல சண்டை போட்டோமே, அந்தக் கோபம்னு நினைச்சுட்டேன்."

"எப்ப?"

"அது ஆச்சு, பதினோரு வருஷம்."

"பதினோரு வருஷமா மனசுல வச்சிருந்தீங்களா?"

"வச்சுக்கலை. அங்கயே கிடந்தது" என்றார் கணவர். பிறகு கருகிப்போன பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அந்தக் குழுவிலும் எல்லாம் சுகமாகப் போய்விடவில்லை. சேர்ந்த இரண்டாவது வாரம், தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் தனிச் செய்தியில் வந்தார். முகம் பார்க்கும் பயிற்சி தருவதாகவும், குடும்பத்தில் எல்லோருடைய படத்தையும் வீட்டு முகவரியையும் அனுப்பினால் போதும் என்றும் கேட்டார். அக்காவுக்கு ஆசை. மகளின் படத்தைத் தேடி எடுத்துக்கூட வைத்துவிட்டார். அனுப்புமுன், மகள் முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்து, இவரை யாருக்காவது தெரியுமா என்று குழுவில் பொதுவாகக் கேட்டார். பத்து நிமிடத்தில் ஐந்து பேர் எழுதினார்கள், எனக்கும் இதே செய்தி வந்தது என்று. குழுவை நடத்துகிற 'பச்சைக் குடை' அம்மா, எல்லோர் முன்னிலையிலும் பேசத் தயங்கித் தனியாக வருகிறவரை நம்ப வேண்டாம் என்று ஒரு பதிவு போட்டு, அந்த ஆளை வெளியே அனுப்பினார். அக்கா மகளின் படத்தை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அவருக்கு ஒன்று புரிந்தது, தெரியாததைக் கூட்டத்தில் கேட்டால் யாரும் குட்டமாட்டார்கள்.

நிஜ டாக்டரையும் போய்ப் பார்த்தார். நரம்பு டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் சோதித்தார். அதில் அக்காவின் கணவர் படமும் இருந்தது, முடி தெரியாமல் வெட்டி ஒட்டியது. அக்கா அதைத் தாண்டிப் போனார். டாக்டர் சிரிக்காமல், "உங்க கண்ணுல தப்பில்லை, உங்க மேலயும் தப்பில்லை" என்று எழுதியே கொடுத்தார். அந்தக் காகிதத்தை முதலாளியிடம் நீட்டினார். அவர் மூன்று தடவை படித்தார்.

"அப்ப இத்தனை வருஷமா என்னை எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நீங்க உள்ள வரும்போதே திட்டிக்கிட்டே வருவீங்க சார்."

மறுநாள் கவுன்டரில் ஒரு அட்டை வைத்தார்கள். 'எனக்கு முகம் ஞாபகம் இருக்காது. வந்ததும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.' நான் போனபோது பெயரைச் சொன்னேன். "மூக்குல அழுத்துதுன்னு வந்தீங்களே, நீங்கதானே? சாயங்காலம் மழை பெய்ஞ்சுது அன்னைக்கு" என்றார். எனக்கே ஞாபகமில்லாத மழை அது. மகாராணி என்று நானும் சொல்லித் திரிந்ததை அப்போது நினைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தேன். அன்றுதான் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம்.

மிச்சமிருந்தது நாத்தனார். "தங்கச்சிகிட்ட நான் போன்ல சொல்லிடறேன்" என்றார் கணவர். அக்கா வேண்டாம் என்றார். எப்படிச் சொல்வது என்று குழுவில் கேட்டார். கடிதம் எழுதச் சொன்னவர்கள் உண்டு, பேசாமல் விடச் சொன்னவர்கள் உண்டு. மூணாம் மாடி வழக்கம்போல இரண்டே வார்த்தை எழுதினார். 'நேர்ல போங்க.'

சலவைக் கடை பகல் நேரத்தில் சற்று ஓய்ந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் நீராவிச் சூடு முகத்தில் அடித்தது. கவுன்டருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டு, ஒரே மாதிரி குட்டை முடி. அக்கா நடுவில் நின்றார். ஆறு வருடத்துக்கு முன் நின்றது போலவே, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல். இந்தத் தடவை அவர் நடிக்கவில்லை.

"நான் உன் அண்ணி வந்திருக்கேன். உங்க ரெண்டு பேர்ல நீ யாருன்னு எனக்குத் தெரியலை. கொஞ்சம் பேசேன்."

கூட இருந்த பெண் திகைத்துப் பார்த்தார். வலப்பக்கம் இருந்தவர் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "இதைச் சொல்லிக்காட்டத்தான் வந்தீங்களா அண்ணி?"

குரல் தெரிந்துவிட்டது. அக்கா அந்தக் குரலைப் பார்த்துப் பேசினார். டாக்டர் காகிதத்தை வெளியே எடுக்கவே இல்லை. சிவப்புப் பை, பச்சைப் பை, குட்டு, மார்க்கெட்டில் தொப்பியோடு நின்ற கணவர், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். நாத்தனார் கேட்டுக்கொண்டே கவுன்டரைச் சுற்றி வந்து, துணிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, அன்னைக்கு வார்டுல..."

"உன் பின்னலைத் தேடினேன். அது இல்லை. அதான்."

"நான் உருத்தெரியாமப் போயிட்டேன்னு நினைச்சேன் அண்ணி." நாத்தனார் இதைச் சாதாரணமாகச் சொல்ல முயன்றார், முடியவில்லை. "எல்லாரும் வந்து, அப்படியேதான் இருக்கே, அப்படியேதான் இருக்கேன்னு சொன்னாங்க. சும்மா ஆறுதலுக்குச் சொல்றாங்க, அண்ணி ஒருத்திதான் தெரியாம உண்மையைக் காட்டிட்டாங்கன்னு நினைச்சேன். அன்னையிலேருந்து நான் நிலைக்கண்ணாடியைப் பாக்கறதில்லை. தலைகூட கையால தடவித்தான் சீவறேன்."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. தன் மேல் கோபம் என்றுதான் ஆறு வருடமும் நினைத்திருந்தார்.

"உன் மூஞ்சி எனக்கு நோவுக்கு முன்னாடியும் தெரியாது, பின்னாடியும் தெரியாது" என்றார். "உன் கல்யாணத்தன்னைக்கும் தெரியாது. மாறிச்சா இல்லையான்னு சொல்ல என்னை மாதிரி லாயக்கில்லாத ஆள் இந்த ஊர்லயே கிடையாது. போயும் போயும் என் சாட்சியையா நம்பின?"

நாத்தனார் முதலில் அழுதார். அப்புறம் சிரிப்பு வந்து, அது நிற்காமல் இருமலாகி, கூட வேலை பார்க்கிற பெண் தண்ணீர் கொண்டுவந்தார். துணி வாங்க வந்த ஒருவர் கதவருகில் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். கடையின் பின்பக்கம் கையலம்பும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. நாத்தனார் எழுந்து போய் அதன்முன் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "கன்னம் கொஞ்சம் ஒட்டிப்போச்சு. அவ்வளவுதான்" என்றார்.

"இருக்கும். உங்க அண்ணனை வந்து பாக்கச் சொல்றேன்" என்றார் அக்கா.

இரண்டு மாதம் கழித்து, குழுவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் நேரில் சந்திக்கலாம் என்று பச்சைக் குடை அம்மா ஏற்பாடு செய்தார். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பூங்கா, காலை பதினோரு மணி, பெரிய ஆலமரத்துக்கு அடியில். பதினாலு பேர் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். முகம் தெரியாத பதினாலு பேர் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பேசி முடிவு செய்யவே நாலு நாள் ஆனது. கடைசியில் ஆளுக்கொரு அட்டையில் குழுப் பெயரைப் பெரிதாக எழுதி நெஞ்சில் குத்திக்கொள்வது என்று தீர்மானித்தார்கள்.

நாத்தனார் தானும் வருவேன் என்றார். "உங்கள்ல ஒருத்தருக்காவது மூஞ்சி தெரியணும் இல்லையா. நான் வழிகாட்டறேன்."

போன இடத்தில் அந்த உதவி உடனே தேவைப்பட்டது. ஆலமரத்துக்கு அடியில் ஏற்கெனவே ஒரு கூட்டம் நெஞ்சில் அட்டையோடு நின்றது. ஏதோ கம்பெனி ஊழியர்களின் சுற்றுலா. நம்மவர்கள் மூன்று பேர் அவர்களோடு போய்க் கலந்து, ஒருவர் டீ வரைக்கும் வாங்கிக் குடித்துவிட்டார். நாத்தனார்தான் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வந்து இந்தப் பக்கம் சேர்த்தார்.

மூணாம் மாடியை அக்கா ஆண் என்றே நினைத்திருந்தார். வந்தது முப்பது வயதுப் பெண், லென்ஸ் தூள் ஒட்டிய நகங்களோடு. நேரிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. "திருப்புளி அக்கா" என்றார், கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. லாரி ஓட்டுநர் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். வாங்கியவர்களுக்கே மறுபடி மறுபடி கொடுத்துக்கொண்டிருந்தார், யாரும் குறை சொல்லவில்லை. ஒருவர் பாதிப் பேச்சில் எழுந்து போய்த் திரும்பி வந்து, "நான்தான் டீச்சர், திரும்ப வந்துட்டேன்" என்று தானாகவே சொல்லி உட்கார்ந்தார். உடனே எல்லோருக்கும் அது வழக்கமாகிவிட்டது. மன்னிப்பு இல்லை, கண்ணுல வெளிச்சம் அடிச்சுது என்ற சமாதானம் இல்லை. யாரை எப்போது பார்த்தோம் என்று மண்டையைப் போட்டுக் குடைய வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம், தன் தோள்கள் கீழே இறங்கி இருந்ததாக அக்கா சொன்னார்.

ஒரு மணி வாக்கில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நனைந்துகொண்டு ஓடிப் பேருந்து நிறுத்தத்தின் கூரைக்கு அடியில் போய் ஒதுங்கினார்கள். உள்ளே ஏற்கெனவே வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். அட்டைகளைப் பார்த்தால் மை கரைந்து வழிந்து ஒரு எழுத்தும் மிச்சமில்லை. நாத்தனார் தண்ணீர் சொட்டச் சொட்டக் கடைசியாக வந்து சேர்ந்து எண்ண ஆரம்பிப்பதற்குள், கூட்டத்துக்குள்ளிருந்து லாரி ஓட்டுநரின் கனத்த குரல் வந்தது.

"லாரி, இங்க இருக்கேன்."

"பச்சைக் குடை, தூணுக்குப் பக்கத்துல."

"டீச்சர்."

"மூணாம் மாடி."

"திருப்புளி" என்றார் அக்கா, சத்தமாக. நடுத்தெருவில் இவ்வளவு உரக்க அவர் பேசி யாரும் கேட்டதில்லை. நிறுத்தத்தில் நின்ற மற்றவர்கள் இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பேருந்து ஒன்று வந்து நின்று, யாரும் ஏறாமல் போய்விட்டது. பதினாலு குரலும் வந்து சேரும்வரை நாத்தனார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.